சீட்டில்லாத ஈக்கள்

எங்கள் சித்தப்பா ஈ பிடிப்பவர் என்று சொன்னால் மலாயாவில் லூனாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இன்றும் சிரிப்பார்கள். வேலைக்கு அவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமையானால் கொசுவலையில் தைத்த பையோடு ஆற்றோரம் போய்விடுவார். தேனீபோல மஞ்சள் பட்டை போட்டுக்கொண்டு, கொட்டத் தெரியாமல், பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்குமே, அந்த ஈக்கள்தான் அவருக்கு வேண்டும். பிடித்ததை ஊசியில் குத்திப் பிஸ்கட் டின்னில் வரிசையாக நிறுத்துவார். ஒவ்வொன்றின் கீழும் நகத்தளவு சீட்டு, பொடிப்பொடி இங்கிலீஷில்.

"வீட்டிலே மொய்க்கிறது பத்தாதுன்னு ஆத்துலேருந்து வேறயா?" என்பாள் அம்மா.

"அண்ணி, இவனைப் பாருங்க. வயித்துலே மூணு புள்ளி, சிறகு நரம்பு வேற மாதிரி வளையுது. எந்தப் புஸ்தகத்துலயும் இல்லே. உலகத்துலே இவனுக்கு இன்னும் பேரே வைக்கலே லா!"

ஜப்பான் சண்டை முடிந்ததும் அந்த ஒரே ஒரு ஈயைச் சீமைக்கு அனுப்பித் தாமே பேர் வைப்பதாக இருந்தார். அதற்குள் ஜப்பான்காரர்கள் அவரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரியில் ஏறும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "எறும்பு ஏறாமப் பாத்துக்கம்மா."

எனக்குப் பத்து வயது. டின்னைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைத்தேன். கோயில் கற்பூரத்தைத் திருடி உள்ளே போட்டேன். அப்போதுதான் பக்கத்து லயத்து வரிசையில் ஒருவர் வீட்டில் இங்கிலீஷ் காகிதம் அகப்பட்டதென்று அவரை ஜப்பான்காரர்கள் வெயிலில் முட்டி போட வைத்தார்கள். அன்றைக்கு எல்லார் அடுப்பிலும் காகிதம் எரிந்தது. அம்மா டின்னையே குழியில் போடச் சொன்னாள். விடுவேனா? சீட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கிழித்து உருவி அடுப்பில் போட்டேன். ஒரு ஈயின் கால்கூட ஒடியவில்லை. என் சாமர்த்தியத்தில் எனக்கே கர்வம்.

சண்டை முடிந்து சித்தப்பா திரும்பி வந்தார், எலும்பும் காய்ச்சலுமாக. கஞ்சி குடிப்பதற்கு முன்னால் டின்னைக் கேட்டார்.

"ஒரு எறும்பு ஏறலே சித்தப்பா!"

"சீட்டுங்க எங்கம்மா?"

"எரிச்சிட்டேன். எல்லாம் இங்கிலீஷ் லா!"

அவர் மூன்று புள்ளிக்காரனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதனிடமே கேட்டார்: "நீ எந்த ஆத்துலேடா அகப்பட்டே? எந்த மாசம்?" சயாம் காய்ச்சல் அவர் நினைவில் பாதியைத் தின்றிருந்தது. மறுபடி அவர் பையெடுத்து ஆற்றுப் பக்கம் போகவேயில்லை. காலில் தெம்பில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இப்போது சிங்கப்பூரில் விலங்கியல் படிக்கிறேன். எங்கே, எப்போது பிடித்தது என்று சீட்டில்லாத பூச்சியை வைத்துப் புது இனம் என்று யாரும் எழுத முடியாது என்பது முதல் வாரப் பாடம். அதைக் கேட்ட அன்று, சொல்லி அழச் சித்தப்பா உயிரோடு இல்லை.

அவர் ஈயிடம் கேள்வி கேட்டபோது நான் கைகொட்டிச் சிரித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.