கழுத்துக்குள் ஓடும் கம்பி

சரிசெய்யத் தெரிந்தவனுக்குச் சும்மா விடவும் தெரிந்திருக்க வேண்டுமா? இன்னாசிமுத்துவை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அவர் இதைத் தனக்குள் கேட்டுக்கொண்டாரா என்பது தெரியாது. அப்படியெல்லாம் யோசித்துப் பேசுகிற ஆள் இல்லை. தாராவியில் குடியிருந்து, சயான் பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். மேதை என்று சொல்ல முடியாது. நல்ல ஃபிட்டர், அவ்வளவுதான்.

பட்டறையில் அவர் பேர் நின்றது ஒரு பழக்கத்தால். இரும்பை அராவி முடித்ததும் எஃகுப் பட்டை ஒன்றை அதன் முகத்தில் நிறுத்தி, இரண்டையும் சேர்த்து வாசல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடையில் ஓர் இழை வெளிச்சம் கசிந்தாலும் வேலை முடியவில்லை என்று பொருள். எல்லா ஃபிட்டர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள். மற்றவர்கள் அந்த ஓர் இழையை மன்னித்துவிடுவார்கள், இவர் மன்னிக்க மாட்டார். இதற்காக இவரை மெச்சியவர்களைவிடச் சபித்தவர்களே அதிகம்.

தம்பி தனசீலன் அவரோடுதான் இருந்தான். தோல் பதனிடும் இடத்தில் வேலை. பகல் முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு, சாயங்காலம் வந்து கிட்டார் வாசிப்பான். அது மின்சாரக் கிட்டார். கப்பலில் எஞ்சின் வேலை பார்த்த முகைதீன், கரையில் இனி அதற்கு இடமில்லை என்று இவனிடம் கொடுத்துவிட்டுப் போனது. சுண்ணாம்பு அவன் விரல் நுனிகளைத் தின்றுகொண்டிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் அந்தத் தொட்டியில் கிடந்தால் தந்தியை அமுக்க விரலில் தோலே இருக்காது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அறுபத்தாறாம் வருஷ மழைக்காலத்தில் அவனுக்கு ஒரு வழி திறந்தது. கிழக்கு ஆப்பிரிக்கா போகும் பயணிகள் கப்பலின் பேண்டுக்கு ஓர் ஆள் தேவை. செவ்வாய்க்கிழமை கொலாபாவில் பேண்ட் மாஸ்டர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

அதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வந்து உட்கார்ந்ததும் தனசீலன் கிட்டாரை அண்ணன் மடியில் வைத்தான்.

"அண்ணே, தந்தியெல்லாம் எக்கிக்கிட்டு நிக்கி. அமுக்கி அமுக்கி வெரலு போச்சு."

இன்னாசிமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரின் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். மழை ஈரத்திலும் தந்திகளின் இழுப்பிலும் அது நடுவில் குழிந்திருந்தது.

"வளைஞ்சிருக்குலே."

"உள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுதாம். தலைப் பக்கம் நட்டு இருக்கு. அத முறுக்கினா கழுத்து நிமிரும்னு முகைதீன் அண்ணாச்சி சொன்னாரு."

"எம்புட்டு முறுக்கணுமாம்?"

"அதக் கேக்கலயே."

அடுப்படியிலிருந்து இன்னாசிமுத்துவின் மனைவி அன்னமேரி திரும்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு! ஒங்க ரெண்டு பேரு கழுத்தையும் முறுக்கினா புத்தி நிமிருமான்னாவது கேட்டிருக்கலாம்லா?"

"மதினி, இன்னைக்கு மீன்குழம்பு நல்லா இருக்கட்டும். அத மட்டும் பாருங்க."

இன்னாசிமுத்து சிரிக்கவில்லை. வேலையில் இறங்கியாகிவிட்டது. தலைப் பக்கம் இருந்த சிறு மூடியைக் கழற்றினார். உள்ளே நட்டு தெரிந்தது. பட்டறைப் பையிலிருந்து பொருத்தமான ஸ்பேனரை எடுத்து மாட்டி, கொஞ்சம் முறுக்கினார். எஃகுப் பட்டையைக் கழுத்தின் மேல் நிறுத்தி வாசலுக்குக் கொண்டுபோனார். மழை இருட்டிலும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினார். கீற்று மெலிந்தது. மறுபடி முறுக்கினார். வெளிச்சம் செத்தது.

"இப்பப் பாரு. ஒரு பொட்டு கிடையாது."

தனசீலன் சுருதி சேர்த்து ஒரு தந்தியை மீட்டினான். ஓட்டைக்குள் வண்டு அகப்பட்டதுபோல் ஓர் ஒலி வந்தது. அடுத்த தந்தியிலும் அதே ஒலி.

"கரகரங்குதே அண்ணே."

அவர் பட்டையை மறுபடி வைத்துப் பார்த்தார். நேர்தான். இதைவிட நேராக ஒரு பொருள் இருக்க முடியாது. தம்பி மீட்டினான். கரகரத்தது.

இரும்போடு பழகிய இத்தனை காலத்தில் அவர் நம்பியவை இரண்டு. வெளிச்சம் தெரிந்தால் நேராகவில்லை. சத்தம் வந்தால் எங்கோ தளர்ந்திருக்கிறது. பட்டறையில் எந்த மிஷின் கரகரத்தாலும், தேடிப்போனால் ஒரு தளர்ந்த நட்டில்தான் போய் முடியும். முறுக்கினால் சத்தம் அடங்கும். இந்தக் கழுத்தோ நேராக இருக்கிறது. அப்படியானால் உள்ளே கம்பி இன்னும் சரியாக இறுகவில்லை.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மீட்டிய தந்தி நடுவில் அகன்று ஆடுகிறது. அது ஆட இடம் வேண்டுமானால் கீழே உள்ள மரம் துளி குழிந்திருக்க வேண்டும். அவர் அடைத்த கடைசிக் கீற்று வெளிச்சம்தான் அந்த இடம். வளைவில்தான் உயிர் இருக்கிறது என்று இதை வைத்து யாரும் ஓர் அழகான வாக்கியம் எழுதிவிடலாம். அன்றைக்கு அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது வாக்கியம் அல்ல. ஸ்பேனரைக் கொஞ்சம் பின்னால் திருப்புவது.

அவர் முன்னால் திருப்பினார். நட்டு முரண்டு பிடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். மரத்துக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அடுப்படியில் இருந்த அன்னமேரிக்கு அது கேட்கக்கூட இல்லை. அதன்பின் ஸ்பேனர் தானாகச் சுற்றியது.

நட்டு வெறுமனே சுற்றினால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அத்துட்டுலே," என்றார்.

"என்னது?"

"உள்ள ஓடுத கம்பி."

தனசீலன் அண்ணன் முகத்தையே பார்த்தான். "சரி, வேற கம்பி போட்டுருவோம். ஒங்களால முடியாததா?"

இன்னாசிமுத்து கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியின் மேல் மரத்தை வைத்து ஒட்டி மூடியிருந்தார்கள். ஒரு திருகாணி இல்லை, ஒரு மூட்டு இல்லை. உள்ளே என்ன உடைந்தது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் உள்ளே போக வழி இல்லை. கையில் ஸ்பேனரோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்னமேரி சோற்றைப் போட்டுவைத்துக் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

பிடிக்கக் கம்பி இல்லாததால், செவ்வாய்க்கிழமைக்குள் தந்திகள் கழுத்தை வில்லாக வளைத்துவிட்டன. தம்பி வேண்டாமென்றும் இன்னாசிமுத்து அரை நாள் லீவு போட்டுக் கூடப் போனார். பேண்ட் மாஸ்டர் ஒரு கோவாக்காரர், வயதானவர். தனசீலன் வாசித்தான். கழுத்தின் கீழ்ப்பகுதிக்கு விரல் இறங்க இறங்கச் சுரம் பிசகிப் புளித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினான். புளிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இன்னாசிமுத்து தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேண்ட் மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். "லட்கா டீக் ஹை. கிட்டார் மர் கயா," என்றார். பையன் பரவாயில்லை, கிட்டார்தான் செத்துவிட்டது. வேறொரு கிட்டாரோடு வியாழக்கிழமை வரச் சொன்னார். அதற்குமேல் காத்திருக்க முடியாது, கப்பல் கிளம்பிவிடும்.

ரயிலில் திரும்பும்போது தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். மாட்டுங்கா நெருங்கியதும் இன்னாசிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு வார்த்த ஏசிருலே."

"எதுக்கு ஏசணும்? நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?" தனசீலன் வெளியே பார்த்தபடியே சொன்னான். "மாட்டுங்கால அனந்தகிருஷ்ணன் இருக்கான். எங்கிட்ட வாசிக்கப் படிச்சவன். அவன் மாமா வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த கிட்டார் ஒண்ணு வச்சிருக்கான். கேட்டா குடுப்பான். நாளைக்குத் தொட்டி மாத்துத வேல, என்னால நகர முடியாது."

"நான் கெடுத்தது. நானே போயி வாங்கிட்டு வாரேன்."

புதன்கிழமை வேலை விட்டதும் அவர் மாட்டுங்காவில் இறங்கினார். இரண்டாம் மாடி வீடு. கதவைத் திறந்த அனந்தகிருஷ்ணன் அவரை யார் என்று கேட்கவே இல்லை.

"வாங்கோ, வாங்கோ. தனசீலனோட அண்ணாதானே? மூக்கைப் பார்த்தாலே தெரியறது. அம்மா, காபி!"

அவன் அம்மா ஷ்யாமளா காபி கொண்டுவந்து வைத்தாள். இன்னாசிமுத்து வந்த விஷயத்தைச் சொன்னார். தனசீலனின் கிட்டார் கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னார்.

"இதுக்கென்ன, தாராளமா எடுத்துண்டு போங்கோ. கப்பல்ல வாசிக்கப்போறான்னா எனக்குன்னா பெருமை!" அனந்தகிருஷ்ணன் உள்ளே போய்க் கறுப்புப் பெட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் திறந்தான். "ஒரே ஒரு விஷயம். இந்த மழையில கழுத்து கொஞ்சம் வளைஞ்சிருக்கு. ஸ்பேனர் பெட்டியிலேயே இருக்கு, எனக்குத்தான் அதைத் தொட பயம். நீங்க இந்த வேலையில கில்லாடியாமே, தனசீலன் சொல்லிண்டே இருப்பான். லேசா ஒரு திருப்பு திருப்பிட்டேள்னா நாளைக்கு ஜோரா வாசிக்கலாம்."

"எப்பச் சொன்னான்?"

"எப்பவுமேதான். திங்கட்கிழமை கார்த்தால ஸ்டேஷன்ல பார்த்தப்போகூடச் சொன்னானே. எங்க அண்ணன் கை பட்டா எதுவும் நேராயிடும்னான்."

திங்கட்கிழமை என்றால் கம்பி அறுந்த மறுநாள். இன்னாசிமுத்து கிட்டாரை வெளியே எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பார்த்தார். குழிவு இருந்தது, மிகச் சிறியது. அப்படியே கொண்டுபோயிருந்தால் தனசீலனின் விரல் அதைச் சமாளித்திருக்கும். தன் தம்பியின் விரலை அவர் அறியாதவர் அல்ல. ஸ்பேனரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திருப்பினால் இதுவும் அறுந்துவிடலாம், திருப்பாமல் வளைந்ததை வளைந்தபடியே கொண்டுபோக அவரால் ஆகாது. பிறகு அதைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார். கிட்டாரையும் வைத்தார். மூடியைச் சாத்தி இரண்டு கொக்கியையும் போட்டார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"அண்ணா, பெட்டி?"

"இருக்கட்டும் தம்பி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தாராவிக்கு நடந்தே வந்து சேர்ந்தபோது தனசீலன் வாசலில் நின்றிருந்தான். தொட்டி வேலை முடித்துவந்த கைகள் வெளுத்திருந்தன. அண்ணனின் கைகளைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான்.

"இல்லன்னுட்டானா?"

"கிடைக்கலலே," என்றார் இன்னாசிமுத்து.

கப்பல் போயிற்று. நடந்ததைத் தனசீலன் ஒரு மாதம் கழித்து அனந்தகிருஷ்ணன் வாயாலேயே கேள்விப்பட்டான். வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் "ஏன் அண்ணே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அன்னமேரியும் குழம்புச் சட்டியோடு நின்று பதிலுக்குக் காத்திருந்தாள். இன்னாசிமுத்து தட்டில் இருந்ததைத் தின்று முடித்து, கை கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பினார்.