பெஞ்சில் உட்காரவைத்த குற்றத்துக்காக

போன வாரம் தென்காசியில் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம். எனக்குப் பின்னால் பெஞ்சில் காத்திருந்த நாலு கல்லூரிப் பையன்கள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று காதைக் கொடுத்தேன். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கால்பந்து அணி தொடர்ந்து தோற்கிறதாம். அதன் மேனேஜரை வைத்துக்கொள்ளலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று இவர்கள் இங்கே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் இந்த வருஷம் முடியட்டும் என்றான். மற்ற மூன்று பேரும் அவனைப் பிய்த்துத் தின்றார்கள்.

"நல்லா ஆடுதவன பெஞ்சுல உக்கார வச்சிருக்கான்லா, அதுக்கே அந்தாள அனுப்பணும்லே" என்றான் அவர்களில் ஒருவன்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. ஒரு கன்னத்தில் சோப்பு நுரையும் மறு கன்னத்தில் கத்தியுமாக இருந்தவன் அப்படியே திரும்பி, ஏன் உட்கார வைத்தான் என்று உனக்குத் தெரியுமா, நீ அங்கே இருந்து பார்த்தாயா என்று கத்திவிட்டேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் கேட்டான், "அண்ணாச்சி, நீங்க எந்த டீமு?" என்று. கடைக்காரர் என் தாடையைப் பிடித்து மெல்ல நேராகத் திருப்பினார். காது அறுந்தால் அவர் பொறுப்பில்லை என்றார்.

பக்கத்து நாற்காலியில் ஒருவருக்குத் தலையில் எண்ணெய் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு ஒரு குணம் உண்டு. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் காரை விட்டு இறங்கினால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். எண்ணெயும் ஈரத்துண்டும் மிளகாய் பஜ்ஜியும் கலந்த வாசனை. கண்ணை மூடினேன். பழைய அருவியும் அதன் ஓரத்துப் பாறையும் அதில் நின்ற நாங்களும் வந்துவிட்டோம்.

நான் எந்த டீம் என்று இப்போது சொல்கிறேன். வடகரை டீம். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும், தென்காசியில் ஒரு பார்சல் ஆபீஸில் வேலை. எனக்குப் பந்து உதைக்க வராது. ஒருமுறை உதைத்து, செருப்பு மட்டும் கோலுக்குள் போனது. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னை அணிக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். போட்டிக்குப் பெயர் கொடுப்பது, வேன் பேசுவது, வாட்ஸப் குழுவில் அறிவிப்புப் போடுவது எல்லாம் நான். தலைவர், மரக்கடை அண்ணாச்சி. மேனேஜர், பீர் அண்ணன்.

பீர் அண்ணன் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாலு மணி அடித்தால் போதும், எவ்வளவு அவசர வேலை கிடந்தாலும் கடையைச் சாத்திவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். வயலை ஒட்டிய மைதானம், ஆனி ஆடியில் சாரல் விழுந்து பாதி சேறாக இருக்கும். ஆள் இனிமையானவர் என்று பொய் சொல்லமாட்டேன். சிரிக்கமாட்டார். ஜெயித்தால்கூடத் தோளில் தட்டமாட்டார். அவரிடம் ஒரே ஒரு சட்டம், வாரத்தில் நாலு நாள் பயிற்சிக்கு வந்தவன்தான் ஆடலாம். அந்த வருஷம் அவருடைய மச்சினன் வளைகுடாவில் ஏசி வேலைக்கு விசா ஏற்பாடு செய்திருந்தார். அண்ணன் மனைவிக்கும் அதில் ஆசை இருந்தது. பீர் அண்ணன் ஒருநாள் கோல் கம்பத்தில் வலையைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார், "நான் போயிட்டா இவனுவள யாருலே பாத்துக்கிடுவா?"

அந்த சீசனில்தான் நாங்கள் வரிசையாக நாலு போட்டி தோற்றோம். ஊரே மேனேஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. புரோட்டாக் கடையில் பேச்சு, பார்பர் கடையில் பேச்சு. செங்கோட்டைக் கணவாய்க் காற்று கிழக்கே அடிக்கிறது, அந்தக் காற்றுக்கு எதிராக முதல் பாதியில் ஆடச் சொன்னது தப்பு என்று ஒரு கட்சி. அந்த ஆளுக்கு ராசியே கிடையாது என்று இன்னொரு கட்சி. இன்னும் ஒரு வருஷம் கொடுக்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். பந்தைத் தொட்டே பார்க்காத ஆட்கள்தான் அதிகம் பேசினார்கள். அதில் நானும் உண்டு.

அப்போதுதான் சாகுல் நாற்பது நாள் லீவில் வந்து இறங்கினான். எங்கள் ஊரில் லீவுக்கு வந்தவன் என்றால் அவனுக்குத் தனி மவுசு. அதிலும் சாகுல் வெளிநாடு போகும் முன்னால் எங்கள் அணிக்குக் கோல் போட்டுத் தள்ளியவன். வரும்போது எல்லாருக்கும் சிவப்பு ஜெர்சி வேறு வாங்கி வந்திருந்தான். இனிமேல் என்ன, சாகுல் வந்துவிட்டான் என்று ஊரே நெஞ்சை நிமிர்த்தியது. கடைசிப் போட்டி இலத்தூர் அணியோடு.

சாகுல் பூட்ஸ் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதல் பாதி முடிந்தது, பீர் அண்ணன் அவனை இறக்கவில்லை. இரண்டாம் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள், அப்போதும் இறக்கவில்லை. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் சாகுல், சாகுல் என்று கத்துகிறது. சாகுல் எழுந்து கோட்டோரமாக இரண்டு ஓட்டம் ஓடினான், காலை நீட்டி மடக்கினான், பீர் அண்ணனைப் பார்த்தான். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். சாகுல் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான், நான் என்ன செய்ய என்பதுபோல. ஒன்றுக்குப் பூஜ்யம், தோற்றோம். பீர் அண்ணன் மேல் யாரோ மண்ணை அள்ளி எறிந்தார்கள். சட்டையைத் தட்டிவிட்டுப் பந்துகளை எடுத்து வலைப்பையில் போட்டார்.

தோற்றாலும் ஜெயித்தாலும் சீசனின் கடைசிப் போட்டி முடிந்த மறுநாள் எல்லாரும் வேனில் குற்றாலம் போவது எங்கள் வழக்கம். போனோம். பழைய அருவியில் தண்ணீர் அன்று அடித்து ஊற்றியது. பீர் அண்ணன் எப்போதும் முதலில் போய்விடுவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் கொடுத்து நின்றாரென்றால் அரைமணி நேரம் வெளியே வரமாட்டார். அவர் உள்ளே போனதும் மரக்கடை அண்ணாச்சி எங்களைப் பாறையோரம் கூட்டினார். மேனேஜர் விஷயத்தை இப்போதே முடிவு பண்ணிவிட வேண்டும் என்றார். அருவி இரைச்சலில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை. காதோடு காதாகக் கத்தினோம். கடைசியில் அண்ணாச்சி என் காதில் சொன்னார், "பேசி ஆகாது, கைய தூக்கச் சொல்லுலே."

எப்படித் தூக்குவது என்று காட்டுவதற்காக முதலில் நானே தூக்கினேன். பிறகு கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. சாகுல் கொஞ்ச நேரம் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவன் அவனைப் பார்த்ததும் அவனும் தூக்கினான். பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் தண்ணீருக்குள் நிற்கிறான், இந்தப் பக்கம் அவனுடைய பதவியைப் பறிக்கிறோம். எழுதும்போதே கை கூசுகிறது.

பீர் அண்ணன் வெளியே வந்து தலையைத் துவட்டினார். தண்ணீர் நன்றாக விழுகிறது, போய்க் குளியுங்கள் என்றார். எங்கள் சட்டைகளையும் வாட்சுகளையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் குளித்து முடிக்கும்வரை பாறையில் உட்கார்ந்திருந்தார். நாங்களும் வெட்கமில்லாமல் கொடுத்துவிட்டுப் போய்க் குளித்தோம்.

அவரிடம் சொல்லவேண்டிய பொறுப்பு செயலாளருக்கு. திரும்பும்போது வேனில் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து குழுவில் நாலு வரி எழுதிப் போட்டேன். இதுவரை பணியாற்றியமைக்கு நிர்வாகம் நன்றி தெரிவித்துக்கொள்கிறது என்று. நல்ல கையெழுத்து இருந்து என்ன, அதற்குக்கூட அது தேவைப்படவில்லை. மறுநாள் காலையில் பீர் அண்ணன் என் பார்சல் ஆபீஸுக்கு வந்தார். பந்துப் பையையும் விசிலையும் மேஜைமேல் வைத்தார். ஒரு பந்துக்கு மட்டும் காற்று இறங்குகிறது, வால்வை மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சாகுலுக்கு லீவு முடிந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் நானும் துணைக்குப் போனேன். ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் போகும்போது அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எறக்காதீங்கன்னு நாந்தாம்ணே பீர் அண்ணன்ட்ட சொன்னேன். முட்டு சரியில்ல. போனதும் மெடிக்கல் இருக்கு, கால்ல எதாவது ஆச்சுன்னா வேலைக்கு வேட்டு. வெளிய சொல்லாதீங்கன்னும் சொன்னேன்."

"பாறைல நின்னம்லா, அங்கன ஏம்லே சொல்லல?"

"எல்லாரும் பாத்துட்டு இருந்தாவண்ணே."

அவ்வளவுதான் அவன் பதில். பிறகு, கோட்டோரமாக ஓடிக் காட்டினாயே அது எதற்கு என்று கேட்டேன். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான். அவனை அந்த மலைப்பாதையிலேயே இறக்கிவிட்டிருக்க வேண்டும். நான் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, கையைக் குலுக்கிவிட்டு வந்தேன்.

சாகுலையாவது விடுங்கள், அவனுக்கு வேலை பயம். எனக்கு என்ன பயம்? ஊருக்குத் திரும்பிய அன்றே குழுவில் ஒரு வரி போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. புது மேனேஜராக மரக்கடை அண்ணாச்சி தன்னையே நியமித்துக்கொண்டிருந்தார். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். முதலில் கை தூக்கியவன் நான் என்பதால் முகம் கொடுக்கக் கூசியது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். பிறகு பீர் அண்ணன் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். அண்ணாச்சி தெரிந்தவன், லீவில் வந்தவன் என்று எல்லாரையும் ஆட இறக்கினார். மறுவருஷமே அணி கலைந்தது.

முடிவெட்டிக்கொண்ட அன்றே வடகரைக்குப் போனேன். பீர் அண்ணன் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரேயடியாகத் திரும்பி வந்து பத்து நாள் ஆகியிருந்தது. இடையில் லீவில் நாலைந்து தடவை வந்திருக்கிறார், நான்தான் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்தேன். முடி நரைத்து, ஆள் இளைத்திருந்தார். உட்காரச் சொன்னார். சாகுல் காரில் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் அசரவில்லை.

"நீங்க கைய தூக்குனத தண்ணிக்குள்ள நின்னு பாத்தேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல, தோத்தா அனுப்பத்தான் செய்வாவ. அவன் ஒனக்கு எப்பச் சொன்னான்?"

அவனை ஏற்றிவிடப் போன அன்றைக்கே என்றேன்.

பீர் அண்ணன் என்னை நேராகப் பார்த்தார். "அன்னைக்கு நான் மச்சினனுக்குப் பதிலே சொல்லலைலே. சாகுல் ரகசியத்த நான் சொல்லக்கூடாதுல்லா. வேற எவனாவது வந்து சொல்லுவான், திரும்பக் கூப்புடுவாவன்னு ஒரு மாசம் பாத்தேன். அப்புறந்தான் சரின்னு மச்சினனுக்குப் போன் போட்டேன்."

என்மேல் வந்த கோபத்துக்கு அந்தச் சலூன் பையன்களைத் திட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது எங்கள் பக்கம் அணி என்று ஒன்று கிடையாது. செயற்கைப் புல் போட்ட இடங்கள் வந்துவிட்டன. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, வந்தவர்கள் எல்லாரும் ஆடுகிறார்கள். யாரையும் உட்காரச் சொல்ல ஆள் இல்லை. மைதானத்தில் ஆடு மேய்கிறது. அதெல்லாம் போனால் போகட்டும்.

பீர் அண்ணன் விமானம் ஏறியபோது அவர் மகள் ஒன்றாம் வகுப்பு. இப்போது நர்சிங் படிக்கிறாள். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அவள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். தன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது முன்னறைவரை கேட்டது.

"ம்மா, வாப்பாவுக்குச் சீனி போடணுமா?"

அவருக்கு இரண்டு கரண்டி வேண்டும். எங்கள் அணியில் எல்லாருக்கும் அது தெரியும்.