முற்றுப்புள்ளிக்கு ஒரு மிதி

காலையில் போனில் ஒரு செய்தி வந்தது. "மிஸ் எப்படி இருக்கீங்க நான் செண்பகம் ஒடுகத்தூர்ல வூடு கட்டிட்டோம் அடுத்த வாரம் பால் காய்ச்சுறோம் நீங்க கண்டிப்பா வரணும் அப்பா கேட்டுட்டே இருக்காரு" என்று ஒரு புள்ளிகூட இல்லாமல் ஓடியது. வாசித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. இவளுக்குத்தான் நான் ஒரு காலத்தில் நிறுத்தக்குறி சொல்லிக் கொடுத்தேன்!

ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்தப் போனது என் முதல் வேலை. நான் வேலூர்க்காரி. பஸ் ஏறி இறங்கிய ஒவ்வொரு வளைவிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன். இப்போதும் எலுமிச்சை வாசனை வந்தால் எனக்கு ஊறுகாய் நினைவுக்கு வராது, அங்கே நான் நடத்திய எட்டாம் வகுப்புதான் வரும்.

செண்பகம் அந்த வகுப்பில் இருந்தாள். 'எங்கள் ஊர்' பற்றி எழுதச் சொன்னால் புளியமரத்தில் தொடங்கி ஆடு, அத்தை கல்யாணம், பஸ் ரிப்பேர் என்று எல்லாவற்றையும் 'அண்டு' போட்டுக் கோத்து, பக்கம் பக்கமாய் ஒரே வாக்கியம் எழுதுவாள்.

"எங்கேயாவது நிறுத்துவியாம்மா?" என்றேன்.

"நிறுத்துனா மறந்துடும் மிஸ்."

பயிற்சியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எதுவும் இந்தப் பதிலுக்கு உதவவில்லை. அதனால் நானே ஒன்று செய்தேன். காற்புள்ளிக்கு ஒரு கைதட்டு, முற்றுப்புள்ளிக்குக் காலால் ஒரு மிதி. வகுப்பே சேர்ந்து வாசித்தால் புழுதி கிளம்பும். பக்கத்து வகுப்புக் கணக்கு சார் எட்டிப் பார்த்தார். "இன்னாங்க மிஸ், உள்ள பாடம் நடக்குதா, திருவிழா நடக்குதா?"

அடுத்தது சுருக்கமாக எழுதுவது. தேவையில்லாத ஒரு வார்த்தையை அடித்தால் ஒரு நெல்லிக்காய் என்று அறிவித்தேன். ஒருத்தி கட்டுரை முழுவதையும் அடித்துவிட்டுப் பாவாடையை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். கொடுக்காமல் இருக்க முடியுமா?

உவமைதான் என்னைக் கவிழ்த்தது. புத்தகத்தில் 'பனிபோல் வெண்மை' என்று இருந்தது. "பனி எங்க மிஸ் வெள்ளையா இருக்குது? ஈரமாத்தான் இருக்கும்" என்றாள் செண்பகம். சரி, நீங்களே உவமை சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

போளூரில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி வந்தது. செண்பகத்தை அனுப்பலாம் என்றேன். தலைமையாசிரியர் தயங்கினார். "போன வருஷம் நம்ம புள்ள மறந்துபோய் மேடையிலயே அழுதுட்டா. கீழ்நாட்டுப் பசங்க சிரிச்சாங்க. திரும்ப அந்த மாதிரி ஆச்சுன்னா இனிமே யாரும் வர மாட்டாங்க மிஸ்." நான் பிடிவாதம் பிடித்தேன். அவரும் கூடவே வந்தார்.

பேச்சை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். சுருக்கமாக எழுதக் கற்றுக் கொடுத்தவள், எனக்கே வாயில் நுழையாத வார்த்தைகளாகப் போட்டு நீட்டி வைத்திருந்தேன். மூன்றாவது வரியில் செண்பகம் நின்றுவிட்டாள். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் பலகை மேடையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அரங்கமே அதிர்ந்தது. சிரிப்பு நின்றது.

"மை ஹில் இஸ் எ பஃபல்லோ." மிதி. "இன் தி ரெயின்," ஒரு தட்டு, "ஷி சிட்ஸ்." மிதி. "வி ஆர் பேர்ட்ஸ் ஆன் ஹெர் பேக்."

என் மலை ஓர் எருமை. மழை வந்தால் உட்கார்ந்துகொள்கிறது. நாங்கள் அதன் முதுகில் குருவிகள். நான் எழுதிக் கொடுத்ததில் இது ஒரு வரிகூட இல்லை. அடுத்தடுத்த வாக்கியங்களுக்கு அரங்கமும் சேர்ந்து மிதித்தது. பக்கத்தில் குனிந்து பார்த்தேன், தலைமையாசிரியர் செருப்பும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் பரிசு. ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள். பஸ் நிலையத்திலேயே அதில் டீ வாங்கி எல்லோருக்கும் ஊற்றினாள்.

திரும்பி மலை ஏறும்போது கூட வந்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. கண்ணில் பட்டதற்கெல்லாம் உவமை சொன்னார்கள். சொல்லச் சொல்லப் பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் பின்னால் வந்து, "எனக்கு இன்னா சொன்னீங்க?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

என்னைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது. "நம்ம மிஸ்ஸு கயிறு அறுந்த ஆடு. நம்ம கொல்லையில மேய ஆரம்பிச்சி அடுத்த ஊர்ல போய் நிப்பாங்க." நீங்களும் இதற்குள் ஒப்புக்கொண்டிருப்பீர்கள்.

மற்ற உவமைகள் மறந்துபோய்விட்டன. எழுதி வைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நாளைக்கும் சொல்வார்கள் என்றுதான் இருந்தேன். கண்டக்டருக்கு என்ன சொன்னார்கள், கீழே சிறிதாகிக்கொண்டே போன போளூருக்கு என்ன சொன்னார்கள், எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, எதற்கென்று இல்லை.