கை தட்டிய மேனேஜர்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை என் கண்ணெதிரே ஒருவருக்கு வேலை போனது. பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்குத் தெரியவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் நானே குழம்பிவிடுவேன்.

ஜாபர் பாய் எனக்கு வாலாங்குளம் கரையில் கிடைத்த நண்பர். தினமும் காலையில் சேர்ந்து நடக்கிறோம். ஒரு காலத்தில் கோவையில் பெயர்பெற்ற ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர். அதாவது, கோல் போடுவதுதான் வேலை. முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததும் ஆட்டத்தை விட்டார். அதன்பிறகு உள்ளூர் கிளப் ஒன்றுக்கு மேனேஜர். யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது, எப்படி ஆடுவது — எல்லாம் அவர் பொறுப்பு.

"ஆடறப்ப ஒரே கவலைதானுங்க சார். பந்தை வலைக்குள்ள போடோணும், அவ்வளவுதான். இப்பப் பதினோரு பேருக்கும் சேத்துக் கவலைப்படோணும். அதுல ஒருத்தனுக்கு முந்தாநாள்தான் பொண்ணு பாத்துட்டு வந்திருக்காங்க. அவன் எங்கீங்க பந்தைப் பாக்கறான்?"

கிளப்பை நடத்துபவர் ஒரு பம்ப்செட் கம்பெனி முதலாளி. எல்லோரும் அவரைத் தலைவர் என்பார்கள். இந்த சீசனில் அணிக்குத் தோல்விமேல் தோல்வி. கடைசி மேட்ச் உடுமலைப்பேட்டை அணியோடு. ஜெயித்தால்தான் இதே டிவிஷனில் இருக்கலாம். டிரா ஆனால்கூடக் கீழே இறங்கவேண்டும். இறங்கினால் வேறு மேனேஜர்தான் என்று தலைவர் முன்பே சொல்லிவிட்டார்.

"தனியா உக்கார முடியலீங்க. நீங்களும் வாங்க சார்" என்றார் பாய். போனேன்.

எனக்கு ஃபுட்பால் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று பாய் பலமுறை விளக்கியிருக்கிறார், பேக்கரி மேஜையில் டீ கிளாஸ்களை நகர்த்தி நகர்த்தி. கேட்கும்போது புரியும். வீட்டுக்கு வந்தால் புரியாது.

அன்று நம் அணி ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. இன்னொன்று போட்டால் நிம்மதிதானே? ஆனால் கோட்டோரம் நின்ற பாய், "பின்னால வாங்க, எல்லாரும் பின்னால வாங்க" என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் முன்னால் ஓடியே பெயர் வாங்கிய மனிதர்...

கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்ற பழைய ரசிகர் ஒருவருக்கும் அதே சந்தேகம். "ஏனுங்க பாய், நீங்க ஆடறப்ப இப்படிச் சொல்லியிருந்தாக் கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேனுங்க. அதுக்குத்தான என்னைய அப்பப்ப வெளிய உக்கார வெச்சாங்க."

சொல்லிவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டம் முடியப் போகும் நேரம். உடுமலை ஸ்ட்ரைக்கருக்குப் பந்து வந்தது. கோலுக்கு முதுகைக் காட்டி நின்றான். நம் ஆட்கள் இரண்டு பேர் அவனை ஒட்டி நின்றார்கள். எங்கே போய்விடுவான்? நான் பார்த்தது ஒரு சுழல். அப்புறம் வலை ஆடியது.

நம் பக்கத்தில் சத்தமே இல்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

ஜாபர் பாய். தன் வேலைக்கு உலை வைத்த கோலுக்கு.

நம் கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தான். தலைவர் திரும்பிப் பார்த்தார். பாயும் குனிந்து தன் கைகளைப் பார்த்தார், வேறு யாருடைய கைகளோ என்பதுபோல.

ஆளை எழுப்பி வேறு நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோம். பழைய வேலை அவரை விட்டு எழுந்து போகிறதா? எங்கள் தெருவில் ஒரு பஸ் டிரைவர் பதவி உயர்ந்து டிப்போவில் கண்ட்ரோலர் ஆனார். போனில் யாரிடமாவது கோபப்பட்டால் இன்றும் மேஜைக்கடியில் அவர் வலது கால் பிரேக்கைத் தேடுகிறது.

மேட்ச் டிராவில் முடிந்தது. தலைவர் எங்களிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். டீ வரவழைத்தார்.

"எடுத்துக்கங்க பாய். சாருக்கும் குடுங்க. சர்க்கரை போதுமுங்களா?"

"போதுமுங்க."

"வெயில்ல ரொம்ப அலைஞ்சுபோட்டீங்க. முழங்கால் வேற உங்களுக்கு. இனி நல்லா ரெஸ்ட் எடுங்க. கிரவுண்டுக்கு வந்து சிரமப்பட வேண்டாமுங்க, பசங்களை நாங்க பாத்துக்கறோம். வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க."

"சரிங்க."

"அப்பறம்... அந்தக் கோலுக்கு ஏனுங்க தட்டுனீங்க?"

"தெரியலீங்க. கை தானாப் போயிருச்சுங்க."

தலைவர் மைதானத்தின் பக்கம் திரும்பினார். "நல்ல கோலுதானுங்க" என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

காரில் ஏறியதும் நான் சொன்னேன்: "எத்தனை தன்மையான மனுஷருங்க. உங்க முழங்காலை நெனச்சு லீவு குடுத்துட்டாரு பாருங்க."

"சார், வேலைய விட்டுத் தூக்கிட்டாருங்க."

"எப்பங்க?"

"சர்க்கரை போதுமான்னு கேட்டாருல்லீங்க... அதுக்கப்பறம்."

பிறந்து வளர்ந்ததெல்லாம் கோவைதான். ஒருவரை வெளியே அனுப்பவேண்டுமென்றால் முதலில் டீ கொடுத்து உபசரிக்கிற ஊர் இது. எனக்கே புரியவில்லையென்றால், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? மறுநாளும் வேலைக்குப் போய் நிற்பார்களோ?

சுங்கம் சிக்னலில் நின்றோம். என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாயே பேசினார்.

"சார், ஒண்ணு கேக்கோணும். அந்தப் பையன் எடது கால்லயா அடிச்சான், வலது கால்லயா? நம்ம ஆளு குறுக்க நின்னு மறைச்சுபோட்டான்."

எதையும் துல்லியமாகப் பார்த்து வைக்கிறவன் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. ஆனால் பந்து அவன் காலை விட்டுக் கிளம்பும் முன்பே பாய் எழுந்துவிட்டார். நான் திரும்பி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

"என்னங்க சார் நீங்க. மேட்சுக்கு வந்துபோட்டு என் மூஞ்சியவா பாப்பாங்க?"

வேலை போனதற்கு வராத கோபம், இதற்கு வந்தது.