ஹிஜிகியின் நெஞ்சுப் படம்

குவாபாரா ஷிசுயே அந்தக் கடலோர ஊரின் மீன்காட்சியகத்தில் இருபத்தொன்பது வருடமாகப் பென்குயின்களைப் பராமரிப்பவள். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அத்தனை மத்தி வாடை. வலிக்கிற முழங்காலை நீட்டிக்கொள்ளலாமே என்று அவளுக்கு அதில் சந்தோஷம்.

அந்த ஆகஸ்டில் ஹிஜிகி என்ற பென்குயின் மீனைத் தொடவில்லை. குஞ்சிலிருந்து அவள் கையால் ஊட்டி வளர்த்தது. இப்போது வயது இருபத்திரண்டு. நிறம் மங்கி, உடம்பு உப்பி, தண்ணீரில் இறங்காமல் நின்றது. இறகு உதிர்க்கும் பருவத்தில் பென்குயின்கள் அப்படித்தான் பட்டினி கிடக்கும். பதிவேட்டில் ஆறு நாளும் ‘இறகு உதிர்வு’ என்றே எழுதினாள். புதிதாக வந்தவளாயிருந்தால் பயந்துபோய் முதல் நாளே மருத்துவரைக் கூப்பிட்டிருப்பாள்.

ஏழாம் நாளும் ஓர் இறகுகூட விழவில்லை. ஹிஜிகி அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. மருத்துவர் நகுமோ ஓடி வந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

“நுரையீரல்ல பூஞ்சையா இருக்கும்னு நினைக்கிறேன். எக்ஸ்ரேல தெளிவா தெரியல, சி.டி. எடுக்கணும். இந்த மூச்சுக்கு மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்காமலே போயிடலாம், அக்கா.”

“குடுக்காம எடுத்தா?”

“இருபது விநாடி அசையக் கூடாது. நீங்க உள்ள இருக்கவும் முடியாது.”

ஷிசுயே பதிவேட்டை எடுத்தாள். ஆறு வரிகளையும் இரட்டைக் கோடு போட்டு அடித்து, திருத்தியது தான்தான் என்பதற்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன் பெயர் முத்திரையைக் குத்தினாள்.

“ஒண்ணு போதுமே, அக்கா.”

“தப்பு ஆறு நாளும் பண்ணியிருக்கேனே, டாக்டர்.”

அன்று பகல் முழுக்க ஒத்திகை. ஹிஜிகியைத் துண்டில் சுற்றி ஒரு காலித் தொட்டியில் படுக்க வைத்து, ஓரடி, ஈரடி என்று விலகினாள். “இதோ இருக்கேன்டா, பயப்படாதே” என்று அவள் சொன்ன போதெல்லாம் அது உடம்பை முறுக்கித் திரும்பியது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகுதான் அவளுக்கு விளங்கியது: அதை அசைக்கிறதே தன் குரல்தான்.

“அப்ப வாயை மூடிக்கணும்,” என்றாள்.

நகுமோ சிரித்தார். “அவனை விட உங்களுக்குத்தான் ஒத்திகை வேணும்.”

மறுநாள் காலை விலங்கு மருத்துவமனையில், கண்ணாடிக்குப் பின்னால், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். படுக்கை சி.டி. இயந்திரத்தின் வளையத்துக்குள் நகர்ந்தது. ஹிஜிகி ஒருமுறை கூப்பிட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அது மறுபடி கூப்பிடவில்லை, அசையவும் இல்லை.

திரையில், நுரையீரலை ஒட்டிய இடப்பக்கக் காற்றுப்பையில் ஒரு வெள்ளைப் புள்ளி, சோயாப் பயறளவு.

“வேற எங்கயும் பரவல, அக்கா. மருந்தை மூச்சுல குடுக்கலாம். மாசக்கணக்கா ஆகும், ஆனா பொழைச்சுப்பான்னுதான் தோணுது.”

அவள் கையை எடுக்கவில்லை.

“முடிஞ்சிருச்சு. இனி பேசலாம்.”

ஷிசுயே உள்ளே போய்த் துண்டோடு அதை அணைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை.