ஆறு சந்தன வேம்பும் ஒரு பை மண்ணும்

மண் பரிசோதனைக் கூடத்தில் மண்ணைச் சமாளித்துவிடலாம். அதைக் கொண்டு வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் உத்தியோகம். ஆபீஸ் கவுண்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாக்குப் பரிசோதனை

கடத்தூர்ப் பக்கத்து ஆரோக்கியசாமி முதல் நாள் வெறுங்கையோடு வந்தார். அண்ணி மரியபுஷ்பம் வரப்போரம் ஆறு சந்தன வேம்பு வளர்க்கிறாராம். அந்தச் சருகு விழுந்து இவருடைய தக்காளிக் காட்டு மண் புளித்துவிட்டதாம். மரத்தை வெட்டச் சொல்லி எழுதித் தர வேண்டுமாம். மண் எங்கே என்று கேட்டேன்.

"மண்ணு எதுக்குங்க மேடம்? நானே நாக்குல வெச்சுப் பாத்துட்டேன், புளிக்குதுங்க."

அவசர வாய்

மறுநாள் மண் வந்தது. கருவி ஐந்துக்கும் கீழே காட்டியது. ஏழு நடுநிலை, குறையக் குறைய அமிலம். எங்கள் செம்மண்ணில் இப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததே இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஆச்சரியத்தில், "அடேயப்பா, இவ்வளவு அமிலமா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மனிதர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்.

சாயங்காலம் மரியபுஷ்பம் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"புது வூட்டுக் கதவுக்குன்னு பன்னெண்டு வருசமா வளத்தேனுங்க. ஆபீசுல சொன்னா வெட்டிக்கோன்னு வாக்கு வேற குடுத்துட்டேன். காலையில தம்பி மரம் அறுக்குற மெஷினோட வராருங்க."

ரசத்துக்கு ஆகும்

விடிந்ததும் ஓடினேன். மரம் அறுக்கும் ஆள் மெஷினோடு தயாராக நின்றிருந்தார். மரத்தடியில் ஒன்று, தக்காளிக் காட்டில் ஒன்று என்று குழி பறித்து, சுத்தமான துணிப்பையில் மண் எடுத்தேன். கைக்கருவியில் இரண்டுமே ஏழுக்குப் பக்கத்தில்தான் நின்றன. "நேற்று எதில் கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டேன். ஆரோக்கியசாமி பெருமையாகக் கொண்டு வந்து காட்டினார். சூப்பர் பாஸ்பேட் உரப் பை! கழுவாத பையில் ஒட்டியிருந்த உரம்தான் மண்ணை அமிலமாக்கியிருக்கிறது.

தக்காளி நோஞ்சானாக இருந்தது வரப்போரத்து இரண்டு சால் வரிசையில் மட்டும். காரணம் நிழல். அந்தப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழிக்கச் சொன்னேன். வந்த மெஷினுக்கும் வேலை கிடைத்தது. மரியபுஷ்பம் ஆறு மரத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கொழுந்தனாரிடம் திரும்பினார்.

"அந்தப் பையக் குடு தம்பி, நாளைக்கு ரசத்துக்குப் புளி வாங்க வேண்டாம்."

அன்றிலிருந்து மண்ணைச் சோதிப்பதற்கு முன்னால் பையைச் சோதிக்கிறேன், எண்ணைச் சொல்வதற்கு முன்னால் என் வாயைச் சோதிக்கிறேன்.