ஒயர்லெஸ்சுக்கு எதுக்கு இம்புட்டு ஒயரு

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. போடியில் பட்டறை. சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்துக் கிணற்று மோட்டார் எரிந்தால் என்னிடம் வரும். படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் ரேடியோக் கிறுக்கு இருந்தது. பாட்டுக் கேட்கிற கிறுக்கு இல்லை. சொந்தமாக ஒரு செட் செய்து, தந்தி அடிப்பதுபோலத் தட்டி, எங்கோ இருக்கிற இன்னொருவரோடு பேசுகிற கிறுக்கு. அமெச்சூர் ரேடியோ என்பார்கள். அதற்கு சர்க்கார் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கும். கேள்வி எல்லாம் இங்கிலீஷ். இரண்டு தடவை தோற்றேன். மூன்றாம் தடவை பதில்களை எழுத்து எழுத்தாக நெட்டுருப் போட்டு எழுதினேன். எழுபதுகளின் கடைசியில் லைசென்ஸ் கிடைத்தது.

அதில் ஒரு நிபந்தனை உண்டு. இத்தனை பேரோடு பேசினேன் என்று காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். காட்டாவிட்டால் போச்சு. திரும்பப் பரீட்சை எழுத வேண்டும். அது இனி என்னால் ஆகாது. எனக்கே தெரியும்.

செட் சின்னது. பழைய ரேடியோ வால்வுகளில் செய்தது. தட்டுகிற கட்டையை இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடில் செய்தேன். இவை எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. உயிரை வாங்கியது ஏரியல்தான்.

ஏரியல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கணக்கான நீளத்துக்கு ஒரு கம்பி. அதை நடுவில் வெட்டி, வெட்டின இடத்தில் இரட்டை ஒயர் சேர்த்து செட்டுக்கு இறக்க வேண்டும். இரண்டு நுனியையும் உயரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். நீளம் பிசகினால் சக்தி கம்பியில் ஏறாது. கடைச் சாமான் வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. எரிந்த மோட்டாரில் உருவின செம்புக் கம்பி பட்டறையில் கிடந்தது. அதைப் பற்றவைத்து நீளமாக்கினேன். சக்தி கசியாமலிருக்க நுனியில் பீங்கான் மாட்ட வேண்டும். அதற்குப் பதில் பழைய பல் பிரஷ்ஷின் கைப்பிடியில் ஓட்டை போட்டு மாட்டினேன். இறக்குவதற்கு, வீட்டில் பல்பு தொங்கவிடுகிற முறுக்கு ஒயர்.

என் வீடு குறுகல். ஒரு நுனியை என் மாடியில் கட்டினால் மறு நுனிக்கு அடுத்த கட்டடம்தான். அது ஓர் ஏலக்காய் வியாபாரியின் சரக்குக் கிட்டங்கி. தகரக் கூரை. மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற காயை அங்கே பெண்கள் உட்கார்ந்து பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். வியாபாரியிடம் போய்க் கேட்டேன்.

“கெட்டிக்க தம்பி. பாட்டு நல்லாக் கேக்கட்டும்.”

“பாட்டு இல்லண்ணே. ஒயர்லெஸ்.”

“என்ன எழவோ. கெட்டிக்க.”

நான் தகரத்தின் மேல் ஏறிக் கம்பி இழுத்தபோது காய் பொறுக்கும் பெண்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஏண்ணே, ஒயர்லெஸ்னா ஒயரே கெடையாதுன்னுல்ல சொன்னாக? எதுக்கு இம்புட்டு ஒயரு?” என்றாள் ஒருத்தி.

அவளுக்கு இன்னொருத்தி பதில் சொன்னாள். “லெஸ்னா கொறச்சல்டி. நம்ம கூலியில மொதலாளி லெஸ் போடுறாகள்ல? அது மாதிரி இவருக்கு ஒயரு கொறையுதாம். அதான் கெட்டுறாரு.”

அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்கு ‘ஒயரு கொறஞ்சவரு’ என்றே பெயர்.

தினமும் விடிந்ததும், பட்டறை திறக்குமுன், செட் முன்னால் உட்காருவேன். மதுரைக்காரர் தட்டுவது கேட்டது. மெட்ராஸ், கொழும்பு எல்லாம் கேட்டது. யாராவது பதில் சொல்லுங்கள் என்று நான் தட்டுவேன். ஒருவரும் சொல்ல மாட்டார்கள். என்னைத் தாண்டி அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு யாரும் கூப்பிடாமல் நிற்கிற மாதிரி இருக்கும்.

கம்பியைத்தான் சந்தேகப்பட்டேன். மோட்டார் எரியும்போது செம்பு இளகிவிடும். ஆடி மாதம் மலையிலிருந்து இறங்குகிற காற்று அதைப் பிடித்து இழுத்து நீளமாக்கியது. வெட்டினேன். குட்டையாகிப்போனது. ஒட்டுப் போட்டேன். ஒட்டில் அறுந்தது. துணி காயப்போடுகிற அலுமினியக் கம்பி போட்டுப் பார்த்தேன். அதில் ஈயம் பிடிக்காது. முறுக்கிவிட்டால் மழையில் முறுக்கு கறுத்துவிடும். கடைசியில் திராட்சைத் தோட்டத்தில் கழித்துப்போட்ட பந்தல் கம்பி கொண்டுவந்து கட்டினேன். அது இம்மியும் நீளவில்லை. பதிலும் வரவில்லை. அளந்து பார்த்தேன். நீளம் சரி. திரும்ப அளந்தேன். சரி. கையிலிருந்த கொறடைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். காரை பெயர்ந்ததுதான் மிச்சம்.

லைசென்ஸ் முடிய இன்னும் சில மாதமே இருந்தது. பேசின ஆள் ஒருவர்கூட இல்லை.

அப்போதுதான் வியாபாரியின் ஜீப்பை செக்போஸ்ட்டில் பிடித்தார்கள். பில் இல்லாத காய் லோடு. நான் பட்டறையில் இருந்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“எவனுக்குய்யா தகவல் சொன்ன?”

“என்ன தகவல்ணே?”

“ஜீப்பு மலையெறங்குற நேரம் பாத்து நீ இங்க டொக்கு டொக்குன்னு தட்டுறே. எங்க கிட்டங்கி ரேடியோவுலயே கேக்குது. அங்க என் வண்டிய மறிக்கிறான். ஒயர்லெஸ் வச்சிருக்கது போலீஸ்காரன். நீ எதுக்கு வச்சிருக்க?”

“இது சர்க்கார் குடுத்த லைசென்ஸ்ணே.”

“அதத்தானய்யா நானும் சொல்றேன். சர்க்காரு!”

நான் வீட்டுக்கு வருவதற்குள் அவர் ஆள் கூரைமேல் ஏறிக் கம்பியை வெட்டிவிட்டான். அது என் மாடியிலிருந்து தெருவில் தொங்கியது. காய் பொறுக்கும் பெண்கள் எல்லாரும் வெளியே நின்றார்கள். தெருவே நின்றது.  உள்ளதைச் சொன்னேன்.

“அண்ணே, இதக் கெட்டுன நாள்லருந்து தட்டுறேன். இதுவரைக்கும் ஒருத்தன் பதில் சொல்லல. மதுரைக்கே கேக்கல. செக்போஸ்ட்டுக்கு எங்கிட்டுக் கேக்கும்?”

“ஒருத்தனுமா?”

“ஒருத்தனும் இல்ல.”

“பொழுது விடிஞ்சாத் தட்டுறியே. அம்புட்டும் தண்டமா?”

“தண்டந்தாண்ணே.”

அவர் முகத்தில் கோபம் போய்விட்டது. சிரித்துவிட்டார். பெண்களும் சிரித்தார்கள். “பாவம்டி, ஒருத்தங்கூடப் பேச மாட்டேங்குறானாம்” என்றாள் லெஸ் சொன்னவள். என் மேல் இருந்த சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. போலீஸ் என்று நினைத்திருந்தாலே தேவலை என்று எனக்கு இருந்தது.

ஆனால் கூரையில் திரும்பக் கட்ட அவர் சம்மதிக்கவில்லை. “வேணாம் தம்பி. இன்னொருத்தன் பாத்தாலும் இதத்தான் சொல்லுவான்.”

ஒரு நுனி போய்விட்டது. இருக்கிற இடத்துக்குள் கட்ட ஒரே வழி, நடுவில் ஒரு கம்பு நட்டு, கம்பியின் நடுப்பாகத்தை உச்சியில் ஏற்றி, இரண்டு பக்கமும் கூடாரம் மாதிரி சரித்து இறக்குவது. குரங்கணியில் ஒரு தோட்டத்துப் பம்ப்புக்குப் போயிருந்தபோது ஒரு நெட்டை மூங்கில் கேட்டு வாங்கினேன். பஸ் கூரையில் ஏற்றினேன்.

“யாருக்கு மாப்ளே பாடை?” என்றார் கண்டக்டர்.

“ஒத்தக் கம்புல பாடை கெட்ட முடியாதுண்ணே.”

“அப்ப இன்னொண்ணு எடுக்கத் திரும்ப வருவ. ஏறு வெரசா.”

மாடி நடுவில் நட்டேன். அதே பந்தல் கம்பிதான். ஒரு நுனி தெருப் பக்கம், மறு நுனி கொல்லைப் பக்கம். உயரம் பற்றாது, சரிவும் கூடாது என்று நினைத்தேன். லைசென்ஸ் போகத்தான் போகிறது என்றும் நினைத்தேன்.

மறுநாள் காலை தட்டினேன். பதில் வந்தது. முதலில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை கேட்டபோது லைசென்ஸோடு எனக்குக் கொடுத்த அழைப்பு எழுத்துகள் என்று தெரிந்தது. மதுரைக்காரர். சத்தம் கம்மி, ஆனாலும் புரிகிறது என்றார்.

சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது. கம்பியில் கோளாறே இல்லை. முன்னால் கட்டினபோது பாதிக் கம்பி கிட்டங்கித் தகரக் கூரையை ஒட்டிக் கிடந்தது. நான் தட்டினதை எல்லாம் அந்தத் தகரம் விழுங்கிவிட்டது. வருஷம் முழுக்க நான் வெட்டியதும் ஒட்டியதும் வேண்டாத வேலை.

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்தாள். “வேற மாதிரிச் சத்தம் கேக்குது. பதிலா?”

“ஆமா.”

“கிட்டங்கிப் பொம்பளைகள்ட்ட சொல்லிட்டு வர்றேன்.”

“சொல்லாத.”

அவள் நின்று யோசித்தாள். பிறகு அவளுக்கும் புரிந்தது. “செக்போஸ்ட்டா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மிச்சமிருந்த மாதங்களில் காலையும் மத்தியானமும் உட்கார்ந்து ஆள் சேர்த்தேன். ஒரு வழியாக லைசென்ஸைப் புதுப்பித்தார்கள். வியாபாரி மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்திக் கேட்பார்.

“என்ன தம்பி, எவனாச்சும் பதில் சொன்னானா?”

“இல்லண்ணே.”

“இன்னுமா! விட்டுட்டு வேற சோலியப் பாருய்யா.”

“பாக்குறேண்ணே.”

கொழும்புக்காரர் பதில் சொன்ன அன்றும் இதையேதான் சொன்னேன்.